மச்சாது எந்த நாட்டுப் பெயர்?

லூர்தம்மாள்புரம்,
தூத்துக்குடி.

அன்பு மகன் அமலனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகம். நீயும் ஷைனியும் குட்டி எலீனாவும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கேட்டால் ஊரில் எதுதான் ஏறவில்லை என்கிறார். நான் வந்து இறங்கிய அன்றே பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் ஓடிவந்து, "கனடாவுல என்னக்கா வாங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். வழியெல்லாம் சந்தேகம்தான் வாங்கினேன் என்றேன். அது என்ன விலை என்பதுபோல என்னைப் பார்த்தாள். நீயும் அன்றைக்குப் போனில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதிதான் கேட்டாய், அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

விமானம் மாற வேண்டிய அந்த ஐரோப்பிய ஊரில், வாசலில் ஒரு பெண் அதிகாரி நின்றாள். யார் பாஸ்போர்ட்டையும் அவள் திறக்கவில்லை, அட்டையை மட்டும் பார்த்தாள். சிவப்பு அட்டை என்றால் நேரே போகலாம், நீலமும் பச்சையும் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். நம் ஊர் ஏலக்கூடத்தில் மீனைக்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தரம் பிரிப்பார்கள். எனக்கு முன்னால் போன அமெரிக்கக்காரிக்கும் நீல அட்டைதான், அவளையும் ஒதுக்கிவிட்டாள். அட்டையில் எழுதியிருந்ததை அதிகாரி பிறகுதான் படித்தாள் போலிருக்கிறது, ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்து மன்னிப்புமேல் மன்னிப்பு. அதில் ஒன்றாவது சிந்தி என் பக்கம் விழுமா என்று பார்த்தேன், விழவில்லை. ஒதுக்கப்பட்ட வரிசையில் எனக்கு அடுத்து லாகூர்க்காரர் ஒருவர், பல் டாக்டர். நம் இரண்டு நாடுகளும் ஒரு மேசையில் உட்காராது, சோதனைக்குக் கழற்றிய எங்கள் செருப்புகள் மட்டும் ஒரே தட்டில் ஒற்றுமையாகப் போயின. முழங்கால் வலியில் குனிய முடியாமல் நின்ற எனக்கு அவர்தான் என் செருப்பை எடுத்துக் கொடுத்தார். பிறகு என் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். அத்தனை பேர் பார்க்க, தலைமுடிக்குள் விரலை விட்டு அளைந்தார்கள். சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் கிளியரிங் ஆபீசில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான், துறைமுகத்தில் கன்டெய்னரின் சீல் முத்திரையை உடைப்பதானால்கூட எங்கள் ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் உடைப்பார்கள். எனக்கு அந்த மரியாதைகூட இல்லை.

அப்புறம் என் பெயரில் வந்து நின்றார்கள். மச்சாது என்பது போர்த்துகல் பெயராயிற்றே, இந்திய பாஸ்போர்ட்டில் எப்படி வந்தது என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டாள். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் பக்கத்து ஆட்கள்தான் கப்பலில் வந்து எங்களுக்குக் கொடுத்தார்கள், அன்றைக்கு எங்கள் கரையில் யாரும் அவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்து விசாரித்து முடிப்பதற்குள் என் விமானம் போய்விட்டது. அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தபோதுதான் உனக்குப் போன் செய்தேன். "அவங்க அவங்க வேலையத்தானம்மா பாக்காங்க, இதப் போய்ப் பெருசு பண்ணாதீங்க" என்றாய். சரி மக்கா என்று வைத்துவிட்டேன்.

நம் நாட்டில் இறங்கியதும் மனசு லேசாகிவிட்டது. பாஸ்போர்ட் கவுண்டரில் இருந்த வாலிபன் இந்தியில் ஏதோ கேட்டான், தெரியாது என்றேன். மச்சாது என்றால் கோவாவா என்றான், தூத்துக்குடி என்றேன். கோவா இல்லை, இந்தியும் இல்லை, அப்படியானால் ஸ்ரீலங்கா என்று அவனே முடிவுகட்டிவிட்டான். இந்தியன் என்றால் தேசிய கீதம் பாடு, பார்க்கலாம் என்றான். கோவில் பாடற்குழுவில் என் குரலுக்கு மைக் வைக்கமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்தக் குரலிலேயே தொடங்கினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள், மற்ற கவுண்டர்க்காரர்கள் எழுந்தார்கள், வரிசையெல்லாம் அப்படியே நின்றது. அவனும் கையில் முத்திரைக் கட்டையோடு எழுந்து விறைத்து நின்றான். நான் அவசரப்படவில்லை, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாகப் பாடினேன். முடித்துவிட்டு, "இப்ப குத்துங்க தம்பி" என்று தமிழிலேயே சொன்னேன். தலையைத் தூக்காமல் குத்தினான்.

வாகைக்குளம் விமான நிலையத்துக்கு அப்பா கார் பிடித்து வந்திருந்தார். இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன், அவரும் சிரித்தார். பேசிக்கொண்டே கொண்டையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன், முடியைத் தொடாமலே இறக்கிவிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏளா, அழணும்னா அழுதுரு" என்றார். வண்டி ஊருக்குள் நுழையும்வரை அழுதேன்.

உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை மக்கா. அந்நிய தேசத்தில் பிழைக்கிறவன், இப்படி எத்தனையை விழுங்கியிருப்பாயோ, அதனால்தான் என்னையும் விழுங்கச் சொன்னாய். ஆனால் எலீனா வளர்ந்து, ஏதோ ஒரு ஊரில் அவளையும் ஒதுக்கி நிறுத்தி, அவள் உனக்குப் போன் செய்தால், அவர்கள் வேலையைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளிடம் சொல்லிவிடாதே. எங்கே நிற்கிறாய், பயப்படாதே, நான் லைனில் இருக்கிறேன் என்று சொல். அது போதும்.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே.

உன் அம்மா,
ஜெசிந்தா மச்சாது