அன்று மட்டும் பலகையின்படி

அப்பா,

இன்று காலை அலுவலகத்தில் பியூன் தட்டச்சு இயந்திரத்தின் எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெய் நனைத்த பழந்துணி. என் முன்னால் ஏதோ ஒரு வெளிநாட்டு அணுமின் நிலையத்தின் விபத்து அறிக்கை திறந்து கிடந்தது. அந்த வாசனை வந்தவுடன் ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை. இலங்கையில், அப்புத்தளைக்குக் கீழே நம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கும் அடுப்பின் வாயில் வேலாயுதம் மாமா பிடித்திருந்த தீப்பந்தத்துக்கும் இதே வாசனைதான்.

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் உங்களை நல்ல மனிதர் என்றார்கள். அதிர்ந்து பேசாதவர், யாரையும் காட்டிக் கொடுக்காதவர் என்றார்கள். நான் தலையாட்டினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் ஒரே ஒரு முறை கேட்டீர்கள். அணுமின் நிலையத்தில் எந்தக் குழாயை எப்போது திறப்பது, எதை மூடிய பிறகு எதை ஓட்டுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் எழுதி வைத்த செயல்முறை உண்டு. வெளிநாடுகளில் விபத்து நடந்தால் அதன் அறிக்கை எங்களுக்கும் வரும். அந்த விபத்தில் எழுத்துக்கு என்ன பங்கு என்று பார்ப்பது என் வேலை. எச்சரிக்கையை, அது தேவைப்படும் இடத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதியிருப்பார்கள். இயந்திரத்தை மாற்றியிருப்பார்கள், எழுத்தை மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் முடிவுரையில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: பணியாளர் செயல்முறையைப் பின்பற்றவில்லை.

இதை உங்களுக்குப் புரியும்படி சொன்னேன்.

"அப்ப எழுத்துல பிழையா, ஆள்ல பிழையான்னு பாக்குற?"

"ஆமாப்பா."

"எழுத்துல பிழைன்னா யாரப்பா வேலைய விட்டு நிப்பாட்டுவாங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதே வீட்டில் அதற்குப் பிறகும் பல வருடம் சேர்ந்துதான் இருந்தோம். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

அடுப்புக்கு மேலே சுவரில் தொங்கிய அந்தச் செயல்முறைப் பலகை உங்களுக்கு மறந்திருக்காது. விறகு அடுப்பு இருந்த காலத்தில் எழுதியது. அடுப்பை மூட்டவும், நன்றாகச் சூடேறிய பின் விசிறியை ஓட்டவும் என்று இருந்தது. விறகுக்கு அது சரி. பிறகு விறகை நிறுத்திவிட்டு எண்ணெய் அடுப்பைப் பொருத்தினார்கள். தொழிற்சாலையின் முழுப் பொறுப்பும் டீமேக்கருடையது. அவர் பலகையை இறக்கி, 'எண்ணெய்க் குழாயைத் திறந்து' என்ற சொற்களை முன்னால் சேர்த்து மறுபடி மாட்டினார். மற்றதெல்லாம் பழையபடியே இருந்தது.

எண்ணெய் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நேரம் அணைந்துவிடும். சூடான செங்கல்லில் சொட்டும் எண்ணெய் ஆவியாகி உள்ளே நிறைந்து நிற்கும். விசிறியை ஓட்டி அதை வெளியே தள்ளாமல் பந்தத்தை நீட்டினால், தீ வெடித்து நீட்டியவன் முகத்தில்தான் பாயும். இதை நீங்கள் எல்லோரும் ஆரம்பத்திலேயே ஆளுக்கொரு புருவத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டீர்கள். அதனால் பலகைக்கு நேர்மாறாகச் செய்தீர்கள். முதலில் விசிறி, பிறகுதான் நெருப்பு. டீமேக்கருக்கும் இது தெரியும். 'விசிறியப் போட்டாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் அவரே அடுப்புப் பக்கம் வருவார்.

வேலாயுதம் மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது. நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர் சொன்னது நினைவிருக்கிறதா? "அந்தப் போர்டு சாமி படம் மாதிரி மச்சான். கும்பிட்டுக்கலாம். அது சொல்றபடி நடந்தா சோறு திங்க முடியாது." நீங்கள் தேநீர் புரையேறும்வரை சிரித்தீர்கள். உங்களை அப்படிச் சிரிக்க வைக்க அவரால் மட்டும்தான் முடியும்.

கொழும்பிலிருந்து கம்பெனித் துரை பார்வையிட வந்த அன்று, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே டீமேக்கர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு எல்லாம் போர்டுல உள்ளபடிதான் நடக்கணும். அவரு போர்ட வாசிச்சிட்டு ஒன்னையப் பாப்பாரு. வெளங்குதா?"

"வெளங்குதுங்க ஐயா."

கம்பெனித் துரையும் தோட்டத்தை நடத்தும் துரையும் உள்ளே நுழையும் நேரம் பார்த்து அடுப்பு அணைந்தது. டீமேக்கர் கண்ணாலேயே பலகையைக் காட்டினார். நீங்கள் விசிறியின் பிடியிலிருந்து கையை எடுத்தீர்கள். எண்ணெய்க் குழாயைத் திறந்தீர்கள். கொழுந்து அரைக்கும் ரோலர்களின் இரைச்சலில், விசிறி ஓடுகிறதா இல்லையா என்பது அடுப்பு வாயில் நிற்பவருக்குக் கேட்காது. நீங்கள் எப்போதும்போல ஓட்டியிருப்பீர்கள் என்று நம்பி மாமா பந்தத்தை நீட்டினார்.

அப்போது நான் பதுளையில் படிப்பை முடித்துவிட்டுத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். மாமாவை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சுவரோடு சாய்ந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்:

"போர்டுல இருந்தபடிதாம்ப்பா செஞ்சேன். ஒண்ணையும் மாத்தல."

நீங்கள் அதை உண்மையாகச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

மாமாவின் இரண்டு கண்ணும் போயின. மறுநாள் மாலை டீமேக்கர் நம் லயத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. உள்ளே வரவில்லை. மழைக்கோட்டோடு வாசலில் நின்றபடியே பேசினார்.

"மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. மறதிக்காக யாரும் பேர வெட்டிப் பத்துச்சீட்டுக் குடுத்து ஒன்னைய லயத்தை விட்டு வெரட்ட மாட்டாங்க. போர்டு பிழைன்னு சொன்னியோ, அத எழுதினது நான், கையெழுத்துப் போட்டது தொரை. எங்க ரெண்டு பேரையும் நிப்பாட்டிட்டு ஒன்னைய வச்சிருப்பாங்கன்னு நெனக்கிறியா?"

நான் குறுக்கே பேசினேன். "போர்டு பிழைதானே ஐயா?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "ஒன் மகன் நல்லாப் படிச்சிருக்கான்" என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் உங்களிடம் எவ்வளவோ சொன்னேன். தொழிற்சங்கத்துக்குப் போகலாம் என்றேன். உங்கள் சொல் ஒன்றுதான் சாட்சி, அதை விட்டால் அந்தப் பலகை அங்கேயேதான் தொங்கும் என்றேன். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் பேசுவதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்னதைச் செய்வது உங்களுக்குப் பழக்கம்.

விசாரணை அன்று தோட்டத்து அலுவலகமான கந்தோரின் சன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"போர்டுல உள்ள மாதிரி செஞ்சதா, இல்லையா?" என்று துரை தன் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"இல்லைங்க தொரை. மறந்துட்டேனுங்க."

எதை மறந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களிடம் பதில் இருந்திருக்காது. அவர்களுக்கும் அது தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. வெளியே வந்த உங்கள் முகத்தில் நிம்மதி இருந்தது. வெட்கம் இருந்திருந்தால் ஒருவேளை நான் உங்களை மன்னித்திருப்பேன்.

பலகைக்குப் புது வர்ணம் பூசினார்கள். அதே சொற்கள், அதே வரிசை, எழுத்து மட்டும் பெரிதாயிற்று. பின்பற்றாததால்தான் விபத்து என்று முடிவாகிவிட்டதல்லவா, இனிமேல் பின்பற்ற வைக்க வேண்டும். வரிசையை மீறி விசிறியை முதலில் ஓட்டுகிறவனுக்கு அன்றைக்கு அரைச் சம்பளம்தான் என்றார்கள். கண்காணிக்க ஆளும் வைத்தார்கள். அதுவரை எல்லோரையும் காப்பாற்றி வந்த ஒரே தவறான பழக்கம் அப்படி ஒழிந்தது. உங்களைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். தகப்பனுக்குக் கண் போனதற்காக மகன் ராசுவை அடுப்பு வேலைக்கு எடுத்தார்கள். பெரிய உபகாரம் செய்ததாக மாமா துரைக்குக் கும்பிடு போட்டார்.

ராசு என்னோடு தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். கெட்டிக்காரன், வாயாடி. ஒரு நாள் வழியில் பிடித்து நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா மாப்ள? மொத விசிறியத்தான் போடணும். போட்டா அரைச் சம்பளம். ஊட்ல குருட்டு மனுசன் ஒருத்தரு சோத்துக்கு ஒக்காந்திருக்காரு. நீ வேணும்னா ஒன் அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போய் தொரைகிட்ட உள்ளதச் சொல்லு. நாளைக்கே மாத்திப் போடுறேன்."

அதை உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் புல்வெட்டியைத் தீட்டிக்கொண்டே, "பாப்போம்" என்றீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அடுப்பு அணைந்தபோது கண்காணிக்கிறவன் பக்கத்தில் நின்றிருந்தான். ராசு பலகையின்படி செய்தான். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், பண்டாரவளையைத் தாண்டியதும் உயிர் போயிற்று. இந்த முறை விசாரணையே சுருக்கம். இறந்தவன் எதிர்த்துப் பேச மாட்டான். அவனும் மறந்துவிட்டான் என்று எழுதினார்கள்.

"இப்பவாவது போய்ச் சொல்லுங்கப்பா" என்று உங்கள் முன்னால் நின்று கத்தினேன்.

"இப்ப மாத்திச் சொன்னா, அப்ப சொன்னது பொய்யின்னு ஆயிடுமே."



பிறகு, தோட்ட மக்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி நம் பெயருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அப்புத்தளை ஸ்டேஷனில் கோச்சிக்குக் காத்திருந்தோம். மேடை முழுக்க அழுகை. பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா வந்தார். உங்கள் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்காத மச்சான். மறதி எல்லாருக்கும் உள்ளதுதான். என் மகனும் ஒன்னைய மாதிரியே மறந்துட்டான் பாரு."

நீங்கள் அழுதீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அப்பா மறக்கல. ராசுவும் மறக்கல. ரெண்டு பேரும் போர்டுல எழுதினபடிதான் செஞ்சாங்க. போர்டுதான் பிழை."

மாமாவின் அழுகை நின்றது. முகத்தை உங்கள் பக்கம் திருப்பினார். "புள்ள சொல்றது நெசமா மச்சான்?"

அங்கே உங்களை விரட்ட யார் இருந்தார்கள்? லயத்தை ஏற்கெனவே விட்டாயிற்று. துரையும் இல்லை, டீமேக்கரும் இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் ராசுவின் சாவுக்கு அவன் தகப்பனிடம் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"படிச்ச புள்ளல்ல மச்சான். ஏதாச்சும் சொல்லும்" என்றீர்கள்.

"அதானே பாத்தேன்" என்று மாமா மெல்லச் சிரித்தார். கோச்சி வந்தது.

கப்பலில் உங்களைக் கேட்டேன். "கண்ணு தெரியாத மனுசன். இனி அது தெரிஞ்சு அவருக்கு என்ன ஆகப் போகுது?" என்றீர்கள். மூட்டையில் தலை வைத்துத் தூங்கியும் போனீர்கள்.

எங்கள் மேலதிகாரி போன வாரம் கேட்டார்: "ஏன் சார், எப்பப் பாத்தாலும் தொழிலாளி பக்கமே எழுதறீங்க?" நான் யார் பக்கமும் இல்லை என்றேன். அது உண்மை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவனை அறிக்கையில் பார்க்கும்போது எனக்கு இரக்கம் வருவதில்லை. எரிச்சல்தான் வருகிறது. அவனுக்கு அடுத்தபடி அதே எழுத்தின் முன்னால் வந்து நிற்கப்போகிறவன் ஒருவன் இருக்கிறான். நான் எழுதுவதெல்லாம் அவனுக்காக. உங்களைப் போன்றவர்களுக்காக நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

வேலாயுதம் மாமா போன வருடம் தவறிப்போன செய்தி வந்தபோது, கடைசிவரை உங்களைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை என்று எழுதியிருந்தார்கள். அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள். நானும் வாசித்தேன்.

ராசு மறக்கவில்லை அப்பா. அது தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருவன்தான்.