பூங்கா இடத்தில் நம் வீடு

அன்புள்ள தமிழ்வேந்தன் அண்ணனுக்கு,

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழில்மதி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் அம்மா அழுகிறாள், நீ கத்துகிறாய், எனக்கோ வாயே திறக்காது, உனக்குத் தெரியும். ஜான் பாஷா பாய் மகன் சுபைர் வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான், அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறோம். விஷயத்தை முதலில் எழுது என்கிறாள் அம்மா. நம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. வீடு இருப்பது பூங்காவுக்கு விட்ட இடமாம். வருகிற பதினெட்டாம் தேதி நகராட்சி ஆபீஸில் விசாரணை.

நாம் இங்கே எப்படி வந்தோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதச் சொல்கிறாள், விசாரணையில் சொல்வதற்கு ஒரு தடவை எழுதிப் பார்த்த மாதிரி இருக்குமாம். அப்போது இந்த இடம் முழுக்க மரவள்ளிக் காடு. மனை போட்டவர் அப்பாவைக் கூப்பிட்டுக் கல் நடச் சொன்னார். அத்தனை கல்லும் அப்பா நட்டது, கயிறு பிடித்தது நீ. வேலை முடிந்ததும் அவர் கிழக்கு மூலையைக் காட்டி, "பொன்னுரங்கம், இந்த மூலய நீ வச்சிக்க, மனைங்கள பாத்துக்கினு இங்கியே இரு" என்றாராம். அப்பா அதை எழுதி வாங்கவில்லை. கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வார் என்று கேட்காமல் விட்டுவிட்டார். அப்புறம் எத்தனையோ வருஷம் அந்தக் காட்டில் நம் வீடு ஒன்றுதான். அப்பா இருந்தவரை, மாடு உரசிக் கல் சாய்ந்தால் அவர் போய் நிமிர்த்திவிட்டு வருவார், வேறொருவர் மனைக்கு நாம் காவல். கள்ளக்குறிச்சி மாவட்டமான பிறகுதான் ஜனங்கள் வந்தார்கள். முதலில் வீடு கட்டியது ராஜாங்கம் சார். அவருடைய சிமெண்ட் மூட்டைகள் நனையாமல் இருக்க நம் வீட்டுக்குள் அடுக்கிவிட்டு நாம் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் இருந்தோம். அவர் சுவருக்குக் காலையும் சாயந்திரமும் தண்ணீர் ஊற்றியது அம்மா. அடுத்தது பாய் வீடு, அப்புறம் வாத்தியார்கள், கோர்ட்டில் வேலை செய்கிறவர்கள், சங்கராபுரம் பக்கமிருந்து நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள். தெருக்களுக்குப் பேர் கிடையாது. பாய் வூட்டுத் தெரு, முருங்கமரத் தெரு, நம்முடையது பொன்னுரங்கம் வூட்டுத் தெரு. யாரைத் தேடி வந்தாலும் நம் வாசலில் வண்டியை நிறுத்தித்தான் வழி கேட்பார்கள்.

இப்போது பொன்மணி நகருக்குச் சங்கம் இருக்கிறது, ராஜாங்கம் சார்தான் செயலாளர். ரோட்டு முனையில் வளைவு கட்டி 'தோற்றம் 2019' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், அதற்கு முன்னால் இங்கே மனுஷரே இல்லாத மாதிரி. தெருவுக்கெல்லாம் நம்பர் வந்துவிட்டது, நம் பக்கத்துக்கு மட்டும் வரவில்லை. குப்பை வண்டி நமக்கு முந்தின வீட்டோடு திரும்பிவிடுகிறது. பொங்கலுக்குக் கோலப் போட்டி என்று ஒவ்வொரு வீட்டிலும் நோட்டீஸ் கொடுத்தார்கள், நமக்குக் கொடுக்கவில்லை. அம்மா விடியும் முன்னே எழுந்து வாசலை அடைத்துக் கோலம் போட்டாள். பார்க்க வந்தவர்கள் நாலு வீடு தள்ளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தை கடைசியில் சாருடைய மருமகள் ரம்யா அக்கா நாலைந்து பெண்களோடு நம் வீட்டுக்கு வந்தது. "இன்னா எழிலு, நீங்க மட்டும் இன்னா வெளியூரா? பசங்க வெளையாட பார்க் கேட்டு மனு குடுக்கறோம், வூட்டுக்கு ஒரு கையெழுத்து" என்றது. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, நம்மளயும் ஒரு வூடுன்னு கேட்டு வந்துட்டாங்களே என்று எல்லாருக்கும் மோர் கலக்கிக் கொடுத்தாள். மனு மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பிள்ளைகள் விளையாட இடமில்லை என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில்தான் கிழக்கு மூலையில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று இருந்திருக்கிறது. கையெழுத்து மூன்றாம் பக்கத்தில். எல்லாரும் கதவு எண் எழுதியிருந்தார்கள், நமக்கு எண் இல்லாததால், மனை வரைபடத்தைப் பார்த்துக் கூரியர்காரர் எழுதுகிற மாதிரியே 'பூங்கா இடம், பொன்மணி நகர்' என்று எழுதிக் கொடுத்தோம். நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனபோது அங்கிருந்தவர் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் காட்டி, "பூங்கா இடம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

அம்மா நேராக ராஜாங்கம் சார் வீட்டுக்குப் போனாள். அவர் கேட்டைத் திறக்காமலே, "ராஜாம்பா, எனக்கு உம்மேல ஒரு கோவமும் இல்ல, நகர்னா ஒரு லட்சணம் வேணுமில்ல" என்றார். "ஒங்க சொவுத்துக்குத் தண்ணி ஊத்தனப்ப லட்சணமா இருந்தனா சார்" என்று அம்மா கேட்டாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மணி அடித்த சத்தமே கேட்கவில்லை. பாய் வீட்டம்மா ஷர்புன்னிசா நம் வீட்டுக்கு வந்து, "படிக்கலம்மா, எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டுட்டேன்" என்று அழுதது. யார் முதலில் வந்தது என்று விசாரணையில் வந்து சொல்கிறேன் என்று பாய் சொல்லியிருக்கிறார். வந்தா பாப்பம் என்கிறாள் அம்மா. சுபைர் இதைப் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

அண்ணா, அம்மா தண்ணீர் பிடிக்க எழுந்து போயிருக்கிறாள், அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். கையெழுத்து விஷயத்தில் "நான்தான் கைநாட்டு வச்சன்னு எழுது, நீ போட்டன்னு தெரிஞ்சா அவன் ஒன்ன உண்டு இல்லைன்னு பண்ணிடுவான்" என்று அம்மா சொன்னாள். அது பொய். போட்டது நான், முகவரி எழுதியதும் நான். நான் விரல் வைத்துத்தான் படிப்பேன். முதல் பக்கம் படித்துக்கொண்டிருக்கும்போது வந்திருந்ததில் ஒரு அக்கா "எத்தினியாவதோட படிப்ப நிறுத்தின?" என்று கேட்டது. எல்லாரும் என் விரலையே பார்த்தார்கள். கூச்சத்தில் ஒரேயடியாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். படிக்கத் தெரியாத அம்மா மேல் இதைப் போட எனக்கு மனசு வரவில்லை. பதினெட்டாம் தேதி எல்லார் முன்னாலும் இதை நானே சொல்லப் போகிறேன். குரல் வருமா என்று தெரியவில்லை. நீ திட்டுவதானால் திட்டு, அம்மாவைத் திட்டாதே.

அம்மா வந்துவிட்டாள். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே என்று சொல்லச் சொன்னாள், சாருக்குப் போன் போட்டுச் சண்டைக்கும் நிற்காதே. வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் சாரத்தில் ஏறாதே. மாரியாத்தா உன்னைக் கைவிட மாட்டாள், நீ எங்கே இருந்தாலும் உன் பேர் கெடாமல் இருக்க வேண்டும், நூறு வருஷம் இருக்க வேண்டும் என்கிறாள். ஆடியில் லீவுக்கு வரும்போது பழக்கத்தில் ஆட்டோ ஏறி நேராக வந்துவிடாதே. பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் செய், எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறோம்.

இப்படிக்கு,
அம்மா ராஜாம்பாளுக்காக
உன் தங்கை எழில்மதி