கிழவியோடு சேர்த்து ஒரு வீடு

என் வீட்டுக்காரருக்கு,

நலம் என்று இந்த முறை எழுதவில்லை.

பிரான்சில் இருநூறு வருஷத்துக் கல் வீடு மலிவாகக் கிடைக்கிறது, உள்ளே இருக்கிற கிழவி செத்தால்தான் கைக்கு வரும், அவளுக்கு இருமல் ஜாஸ்தி, நாளாகாது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அம்மாவுக்குப் பாதியைத்தான் படித்துக் காட்டினேன். இருமிக்கொண்டே கேட்டார்: "அந்தம்மாவுக்குக் கஞ்சி யாரு வெச்சித் தராங்க?"

போன வாரம் அவருக்கு மூச்சு முட்டியது. இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகத் தியாகதுருகம் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். வெட்டினவர்களே ஓடி வந்து கட்டிலோடு தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு நடந்தார்கள்.

"என்னப் பத்தி எதனா எழுதிக்கிறானா?" என்று வழியில் கேட்டார்.

"இருமலப் பத்திதான் எழுதிக்கிறாரு அத்தே" என்றேன். பொய் இல்லையே. அதை நம்பித்தான் கண்ணை மூடினார்.

கொள்ளி வைத்தது உங்கள் சித்தப்பா மகன்.

இலவு காத்த கிளி என்பார்கள். நீங்கள் இழவு காத்த கிளி. காத்தது அங்கே, விழுந்தது இங்கே.

அந்தக் கல் வீட்டுக்காக, உங்கள் அம்மா என் பேருக்கு எழுதிவைத்த இந்த வீட்டை விற்கக் கையெழுத்துக் கேட்டீர்கள். போட மாட்டேன். நான் இன்னும் இருமவில்லை.

இப்படிக்கு,
வீட்டுக்காரி