இரண்டை அழுத்தாதவர்கள்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்று உறுதியானது: ஏப்ரல் 1 முதல் நேற்று வரை 125 நாட்களில், திருமயம் பக்கத்துக் கிராமங்களில் தனியாக வாழும் 186 முதியவர்களுக்கு 23,250 அழைப்புகள் போயிருக்கின்றன. எடுக்கப்பட்டவை 22,118. அத்தனையிலும் 1 அழுத்தியிருக்கிறார்கள். 2 அழுத்தியவர் ஒருவருமில்லை. ஆதாரம்: அழைப்பு மையத்துக் கணினிப் பதிவு, நானே பார்த்தது.

ஏற்பாடு எளிது. காலை 6.45-க்குக் கம்ப்யூட்டர் தானாகவே எல்லோருக்கும் போன் போடுகிறது. பதிவு செய்த குரல் கேட்கிறது: "வணக்கம்ங்க. நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா ஒண்ண அமுத்துங்க. ஒதவி வேணும்னா ரெண்ட அமுத்துங்க." மூன்று தடவை அடித்தும் எடுக்காவிட்டால் பெயர் திரையில் சிவப்பாகும். மையத்தில் இருக்கும் சத்யபிரியா பக்கத்து வீட்டுக்குப் பேசி விசாரிப்பார். 2 அழுத்தினாலும் சிவப்புதான்; அன்றே நேரில் போகவேண்டும் என்பது விதி. குரலும் சத்யபிரியாவுடையதுதான். பாதிப்பேர் அந்தப் பதிவுக்கே பதில் பேசுகிறார்களாம் — "நல்லா இருக்கேந்தா, நீ சாப்பிட்டியா?"

சத்யபிரியாவுக்கு முப்பத்திரண்டு வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், கீழே ஒரு ஸ்கூட்டர். இதுதான் மையம். நடத்துவது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளை. ஆறு மாதச் சோதனை. செப்டம்பர் 30-ல் முடிகிறது.

கிளம்பும்போது சத்யபிரியா சொன்னார்: "அக்கா, அந்தப் பூஜ்யத்த மட்டும் தனியாப் போட்றாதீங்க." ஏன் என்று கேட்டேன். அதற்குள் அவருக்கு ஒரு போன். எனக்குப் புதுக்கோட்டை பஸ். நான் காத்திருக்கவில்லை.

6 ஆகஸ்ட்

செய்தி வந்துவிட்டது. மூன்றாம் பக்கம். தலைப்பு எங்கள் பத்திரிகை டெஸ்க் வைத்தது: "நான்கு மாதத்தில் உதவி கேட்டவர் எவருமில்லை." எண்கள் எல்லாம் சரி.

11 ஆகஸ்ட்

அறக்கட்டளைச் செயலாளர் ரகுநாத் திருச்சியிலிருந்து பேசினார். நன்றி சொல்லத்தான். "தெளிவாப் போட்டிருந்தீங்க மேடம். எங்களுக்கே ஒரு டவுட் இருந்துச்சு. ஒருத்தருக்கும் தேவைப்படல பாருங்க. செப்டம்பரோட நிறுத்திட்டு வேற நல்ல காரியத்துக்குப் போயிரலாம்னு இருக்கோம்." செப்டம்பர் 28-ம் தேதிக் கூட்டத்தில் முடிவு. என் செய்தியை அங்கே வாசிக்கப்போகிறாராம். நல்ல மனிதர்.

என் செய்தியில் ஒரு பொய் இல்லை. பிறகு ஏன் அதை மறுபடி மறுபடி எடுத்து வாசிக்கிறேன்?

12 ஆகஸ்ட்

திருமயம் போனேன். சத்யபிரியா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நீங்க எழுதுனது உள்ளதுதானேக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். அன்றைக்கு நான் கேட்டுவிட்டுப் போன 'ஏன்' அதில் இருந்தது.

இங்கே யாரும் 2 அழுத்தமாட்டார்கள் என்பது அவருக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டால், நல்லா இருக்கேன் என்பதைத் தவிர வேறு பதில் சொல்லிப் பழகாதவர்கள். அதனால் அவர் பதிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, போன் எத்தனை நொடி அடித்தபிறகு எடுக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டரில் அது ஒரு மூலையில் பதிவாகிறது. அறக்கட்டளைக்குப் போகும் அறிக்கையில் அந்தக் கட்டமே கிடையாது. 186 பேருக்கும் தினமும் கையால் எழுதுகிறார். ஒருவருக்கு 5 நொடி வழக்கம், இன்னொருவருக்கு 20. வழக்கம் மாறினால் ஸ்கூட்டரை எடுக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபத்தொன்பது வருடமாக எண்களை வைத்துப் பிழைக்கிறேன். இந்த எண்ணைத் தேட எனக்குத் தோன்றியிருக்காது.

ஒரு வரியைக் காட்டினார். ஆவுடையப்பன், 74. ஜூலை நடுப்பகுதி வரை 5, 6, 5. பிறகு 14; அன்றே போன சத்யபிரியாவை, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதன்பின் 19, 23. இன்று 31. எல்லா நாளும் 1.

"இப்ப அங்கிட்டுத்தான் போறேன். வாரீங்களா?"

எட்டு கிலோமீட்டர். ஆவுடையப்பன் பொன்னமராவதி பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். மனைவி இறந்துவிட்டார், மகன் சார்ஜாவில். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வேட்டியைப் பாதம்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாத்தா. இது யாரு, செக்கிங் இன்ஸ்பெக்டரா?"

"பேப்பர்ல எழுதுறவங்கய்யா."

"அப்ப டிக்கெட்டக் கையில வச்சுக்கணும்."

உடம்பைப் பற்றி சத்யபிரியா ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி குடுங்கய்யா, வெயில்ல வந்தது" என்றார்.

"பானை உள்ளதான் இருக்கு. நீயே எடுத்துக்கிறியா?"

சத்யபிரியா என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவளை நீயே மொண்டு குடி என்று சொல்கிற ஆள் இல்லை அவர். போன தடவை சொம்பை விளக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குடிக்கும்வரை நின்றாராம். சத்யபிரியா உள்ளே போகவில்லை. குனிந்து வேட்டியை விலக்கினார். குதிகாலில் முள் குத்தி நான்கு வாரம். சுகர். துண்டைச் சுற்றி வைத்திருந்தார். வாடை.

"ரெண்ட அமுத்தியிருக்கலாம்லய்யா."

"அமுத்துனா நீ வண்டியத் தூக்கிட்டு ஓடியாருவ. தெருவே கூடும். சாயங்காலத்துக்குள்ள சார்ஜாவுக்குத் தெரிஞ்சிரும். அவன் லீவு போட்டுட்டு வந்து நிப்பான். எதுக்கு?"

ஆட்டோ பிடித்து புதுக்கோட்டை அரசு மருத்துவமனை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கணுக்காலோடு எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போது கால் பிழைக்கும் என்கிறார்.

நான் அச்சிட்ட பூஜ்யத்துக்குள் இந்தக் காலும் இருந்தது.

14 ஆகஸ்ட்

ஆவுடையப்பனை வார்டில் பார்த்தேன். "பேப்பர்காரம்மா, என் பேரு மட்டும் வந்துச்சுன்னா, நான் பேசவே மாட்டேன்." வராது என்று சொல்லியிருக்கிறேன்.

டெஸ்க்கில் கேட்டேன், திருத்தம் போடலாமா என்று. எதைத் திருத்துவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

25 ஆகஸ்ட்

ஒன்பது நாள் அந்த நோட்டைச் சரிபார்த்தேன். நொடிகள் மாறியது 63 தடவை. 63 தடவையும் போயிருக்கிறார். அதில் 38 வீடுகளில் உண்மையிலேயே ஏதோ இருந்திருக்கிறது — மாத்திரை தீர்ந்தது, காய்ச்சல், வழுக்கி விழுந்தது. 30 பேரை நானே போய்க் கேட்டுவிட்டேன். எட்டுப் பேரைப் பார்க்க முடியவில்லை என்பதையும் எழுதினேன். இன்று வந்திருக்கிறது. ஐந்தாம் பக்கம், ஒற்றைப் பத்தி.

ரகுநாத்: "படிச்சேன் மேடம். அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. ஆனா கூட்டத்துல ரெண்டு எத்தனைன்னுதானே கேப்பாங்க."

பூஜ்யம் நகரவில்லை.

9 செப்டம்பர்

ஆவுடையப்பன் வீடு திரும்பிவிட்டார். கட்டோடு, கைத்தடியோடு. மாதம் முடிந்தால் போன் வராமல் போகலாம் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"ரெண்ட அமுத்தாததாலயா? இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று சிரித்தார். இந்தச் சிரிப்பை நான் குறித்து வைத்திருக்க வேண்டும்.

15 செப்டம்பர், திங்கள்

காலை 7.20-க்கு சத்யபிரியாவின் போன். "அக்கா, முப்பத்தேழு ரெண்டு."

என்ன?

"ஸ்கிரீனே செவந்து கெடக்கு. அம்புட்டுப் பேரும் கண்டக்டரு பஸ்ல போனவங்க. நேத்து பூரா போன் போட்டுச் சொல்லியிருக்காரு."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்குத்தான் பயம். கூட்டத்துக்குப் பதின்மூன்று நாள். ஏற்பாடு செய்து அமுத்த வைத்தார்கள் என்று ரகுநாத்துக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது. மனுஷன் நல்லது செய்றேன்னு இப்படியா செய்வாரு?

"வீணா முப்பத்தேழு வீடு ஏறி எறங்கணுமா?" என்று கேட்டேன். "ரெண்ட அமுத்துனா போகணும்னுதானேக்கா விதி. வெறும் அமுத்துன்னு இங்க ஒக்காந்து எப்படிச் சொல்றது?" மழைத் தூறலில் கிளம்பிவிட்டார். நானும் போனேன்.

16 செப்டம்பர்

இரண்டு நாளில் 37 வீடும் முடிந்தது. இரண்டு பேருமே தொப்பல்.

முதல் வீடு மூக்காயி, 70. கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். "எனக்கு என்ன கேடு? கண்டக்டரு அமுத்தச் சொன்னாரு, அமுத்துனேன். முப்பது வருசமா அவரு விசிலுக்குத்தான் ஏறி எறங்குனேன்." ஆறு வீடுகளில் ஏறக்குறைய இதே பதில். என் கணக்கில் ஆறும் பொய்.

ஏழாவது வீடு முனியாயி, 77. அவரும் கண்டக்டர் சொன்னார் என்றுதான் சொன்னார். இலையில் கொழுக்கட்டை வைத்துக் கொடுத்தார், இடது கையால். சத்யபிரியா அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது முனியாயி வாசலுக்கு வந்தார்.

"வந்ததுதான் வந்தீங்க. இதயும் பாத்துட்டுப் போங்க."

வலது தோள் வீங்கியிருந்தது. விழுந்து பத்து நாள்.

"ஏன் அப்பத்தா, அன்னிக்கே அமுத்துறதுக்கென்ன?"

"அன்னிக்கு எனக்காகல்ல அமுத்தணும். இது கண்டக்டருக்காக அமுத்துனது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் சத்யபிரியா ஸ்கூட்டரை மெதுவாகவே கிளப்பினார். நல்லதம்பிக்கு ஒரு கண் இருட்டி ஒரு மாதம். வாசலில் வைத்துத்தான் சொன்னார். கணக்கு: 37-ல் 26 பேருக்கு ஒன்றுமில்லை. 11 பேருக்கு இருந்தது. அந்தப் பதினொருவரில் எட்டுப் பேருடைய நொடிகள் மாறவே இல்லை. நோட்டுக்கும் தெரியாதவை அவை. சத்யபிரியா அதைத் தானே சொல்லி, தானே எழுதிக்கொண்டார்.

17 செப்டம்பர்

ஆவுடையப்பனிடம் போய்க் கணக்கைச் சொல்லிச் சத்தம்போட்டேன். பொய்யான 2-ஐ நான் எழுதமுடியாது என்றேன்.

"பதினோரு பேரு பொய்யாம்மா?"



20 செப்டம்பர், சனி

சத்யபிரியா அழைப்பில் ஒலிக்கும் பதிவை மாற்றிவிட்டார். மூன்று நாள் யோசித்திருக்கிறார். நனைந்ததில் சளி, தொண்டை கட்டிய குரலிலேயே பேசிப் பதிந்து, இன்று காலை அனுப்பிவிட்டார். ஒன்றுக்கான வரி அப்படியே இருக்கிறது. இரண்டுக்கு மட்டும் இப்போது இப்படி: "ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரையாச்சும் நான் போய்ப் பாக்கணும்னு தோணுச்சுன்னா, ரெண்ட அமுத்துங்க."

தனக்காகக் கேட்கமாட்டார்கள், அடுத்தவருக்காக உடனே கேட்பார்கள். இரண்டு நாள் அதே 37 வீட்டில் நானும்தான் நின்றேன். எனக்குக் கிடைத்தது ஒரு கணக்கு. அவருக்குக் கிடைத்தது ஒரு கேள்வி.

இன்றைய 2: நான்கு. நான்கும் அடுத்தவருக்காக. நான்கும் நிஜம். போய்ப் பார்த்தாயிற்று.

22 செப்டம்பர்

எழுதி அனுப்பிவிட்டேன். பதினைந்தாம் தேதி 37-ம் சொல்லிவைத்து அழுத்தியவை என்பதை இரண்டாவது வரியிலேயே போட்டேன். கண்டக்டர் பெயர் இல்லை. அனுப்புமுன் சத்யபிரியாவிடம் வாசித்துக் காட்டினேன். இதனால் மையம் மூடப்படலாம் என்றும் சொன்னேன்.

"மறைச்சா பதினொண்ணயும் சேத்துல்ல சந்தேகப்படுவாங்க. போடுங்கக்கா." இருமிக்கொண்டே சொன்னார்.

24 செப்டம்பர்

வந்துவிட்டது. ரகுநாத்திடமிருந்து போன் இல்லை. நான்கு நாள் இருக்கிறது.

28 செப்டம்பர், ஞாயிறு

கூட்டம் காலை பத்து மணிக்கு. சாயங்காலம் வரை தகவல் இல்லை. நான் பேசவில்லை. பேசினால் நிருபராகப் பேசமாட்டேன்.

29 செப்டம்பர், திங்கள்

உறுதியானது: அழைப்புகள் மார்ச் 31 வரை தொடரும். ஆதாரம்: ரகுநாத், தொலைபேசியில், காலை 9.05. "சொல்லிவச்சு அமுத்துனதுன்னு நீங்களே போட்டீங்க பாருங்க மேடம், அதனாலதான் மத்தத நம்புனாங்க. அந்த நொடிக் கணக்கையும் இனி அறிக்கையில சேக்கச் சொல்லியிருக்கோம்." தீர்மான நகலை நான் இன்னும் பார்க்கவில்லை.

மையத்துக்குப் போனேன். ஆவுடையப்பன் எடுத்தது 8-வது நொடியில்; கைத்தடியோடு இது நல்ல நேரம் என்றார் சத்யபிரியா. இன்றைய 2: பன்னிரண்டு. முதல் நாள் நான்குதானே, ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று கேட்டேன். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு முனியாயிக்கு அடித்தார்.

"அப்பத்தா, ரெண்ட அமுத்தியிருக்கீங்க. யாரப் போய்ப் பாக்கணும்?"

"காலையில போன் போடுமே அந்தப் புள்ளயத்தான். பத்து நாளா ஒரே சளி, கொறையவே இல்ல. பேச்சே வரமாட்டேங்குது. நீ யாரு, அங்க வேல பாக்குறியா? யாராச்சும் போய்ப் பாருங்கத்தா அதை."

பன்னிரண்டில் ஒன்பது இதுவாம். சளி போய் ஐந்து நாள் ஆகிவிட்டது, பதிவில்தான் போகவில்லை.

இனி வரவேண்டியவை: தீர்மானக் கடிதம், பூஜை லீவு முடிந்து வெள்ளிக்கிழமை, அக்டோபர் 3. சத்யபிரியாவின் தெளிந்த குரல், நாளைக் காலை 6.45.