ஒன்பது மணி நேரத் தூக்கம்

அன்பு மனைவிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் முதலாளியம்மா உன் போனை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. விடுப்பு முடிந்து நீ இருக்கும் ஊருக்கே திரும்பும் நம் எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் முதலாளியம்மாவின் கைக்குழந்தையை நீ தடுப்பூசிக்கு அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்போது உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடை பரவாயில்லை. கார் சீட்டுக்கு உறை தைப்பவனுக்கு என்ன குறை, கார் ஓடும்வரை பிழைப்பும் ஓடும். போன வாரம் ஒருத்தர் கறுப்பு உறை கேட்க, நான் சிவப்பில் தைத்து வைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். புத்தி என்னிடம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மா பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன் என்றதால் நீ ஊருக்கு வரவிருந்த பயணம் நின்றுபோன அன்று, நம் மகள் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. அம்மா எவ்வளவு தூரத்தில் இருக்காங்க என்று என்னைத் துளைத்தெடுத்தாள். டிக்கெட் போடுகிறவரிடம் கேட்டேன். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல், விமானத்தில் ஒன்பது மணி நேரம் என்றார். ஆறு வயதுக்கு ஆறாயிரம் என்ன புரியும்? “நீ ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருக்கிற நேரந்தாம்மா” என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் எழுந்ததும் ஓடிப்போய் வாசலில் நின்றாள். சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் நீ வரவில்லை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு மறுபடி படுத்தாள். அன்றிலிருந்து படுக்கைதான். பாதியில் கண்ணைத் திறந்தால் விமானம் திரும்பிப் போய்விடுமாம். யார் சொன்னது என்று அதட்டினேன். “பேசாதீங்கப்பா, அம்மா பாதி தூரம் வந்துட்டாங்க” என்கிறாள், கண்ணை இறுக மூடிக்கொண்டே. பால் ஊட்டினால் வாயை மட்டும் திறக்கிறாள், அதுவும் இரண்டு மடக்குக்குத்தான். நேற்று கண்ணை மூடியபடியே சுவரைத் தடவிக்கொண்டு கழிவறைக்குப் போனவளுக்குக் கதவு நிலையில் மோதி நெற்றி கிழிந்துவிட்டது. தையல் போடும்போது வலியில் அலறினாள். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லையடி.

உடம்பில் நோய் இல்லை, ஆனால் இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் தாங்கமாட்டாள், தாயை உடனே வரச் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். ஏதோ நான்தான் உன்னை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பதுபோல! அவரிடம் கத்திவிட்டேன். பிறகு அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பாவம், அவர்தான் என்ன செய்வார்? தூதரகத்துக்கும் எழுதினேன். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது.

நர்ஸம்மா தன் போனைத் தருவாள். அதில் நம் மகளிடம் பேசு. நான் சொன்னது பொய் என்று நானே எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் காதில் ஏறவில்லை. நீ சொன்னால்தான் நம்புவாள். நீ விமானத்தில் ஏறவே இல்லை, இப்போதைக்கு வரவும் முடியாது என்று உன் வாயாலேயே சொல்லிவிடு. அழாமல் சொல். எழுந்து சாப்பிடச் சொல். இப்படி ஒன்றை உன்னிடம் கேட்கும்படி ஆகிவிட்டது என் நிலைமை.

அதைச் சொல்லி முடித்துவிட்டு, எப்படியாவது வந்துவிடு.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்
உன் கணவன்