ஜனாதிபதி இறந்த நிமிடம்

ஒக்டோபர் 31, வெள்ளி. பலெர்மோ.

வேலை வீட்டில் வயதான சீனியோராவைக் குளிப்பாட்டிவிட்டு, பஸ் பிடித்து சீசா பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வர ஆறு மணியாகிவிட்டது. மகள் சரித்திரப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிகிற நேரத்தில், நாடகம் பார்க்கப் போன இடத்தில் சுடப்பட்ட ஜனாதிபதியைப் பற்றியது. நான் அவளுக்கு எதிரே இருந்து, ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்குக் கோயிலில் கொடுக்கவேண்டிய, இறந்தவர்களின் பெயர்களை எழுதினேன். அப்பா, அம்மா, பெரியண்ணா.

"சண்டை முடிஞ்சாப் பிறகும் சுடுவினமோ அம்மா?"

"ஓம்."

என் தாளை எட்டிப் பார்த்தாள். "மாமான்ரை பேர் இல்லையே?"

தம்பி எங்கள் நாட்டில் போர் முடிந்த அன்று சரணடைந்தான். இராணுவத்தின் பஸ்ஸில் அவன் ஏறியதை நான்தான் கண்டேன். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. வருடாவருடம் அவன் பெயரை உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்கான பூசைக்குத்தான் கொடுக்கிறேன்.

"மாமாவைத் தேடிக்கொண்டிருக்கிறம்" என்றேன்.

அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். "இவர் விடிய ஏழு இருபத்திரண்டுக்குச் செத்தவராம். நிமிஷம்கூட எழுதி வைச்சிருக்கினம்."

பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. அந்த ஜனாதிபதியின் மனைவி மேல்தான் பொறாமை வந்தது. இப்படியும் ஒரு பொறாமை.

நாளைக்குத் தாளைக் கொடுக்கவேண்டும். இப்போது எடுத்துப் பார்த்தால், மூன்று பெயர்களுக்கும் கீழே நான்கு என்று இலக்கம் போட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். எப்போது போட்டேன் என்று தெரியவில்லை.