சிவப்புக் கோடு வராத ஃபோர்க்

பிரியமுள்ள என் அத்தான்,

இங்கே நேற்றிலிருந்து மழை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் சிந்திவிட்டுப் போனதெல்லாம் டவுன்ஷிப்பில் உங்கள் பிளாக் ரோட்டில் குழம்பாகிக் கிடக்கிறது. முதல் தடவை நீங்கள் சைக்கிளோடு வழுக்கி விழுந்தது அந்தக் குழம்பில்தானே.

அன்றைக்கு முழங்கைச் சிராய்ப்போடு சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தீர்கள். "எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள, இவளுக்கு எங்கயாவது அடிபட்டிருக்கான்னு பாரு" என்று சைக்கிளைக் காட்டினீர்கள். கார்பன் நாரில் செய்த சைக்கிளில் அடி உள்ளே இருக்கும், வெளியே தெரியாது என்று உங்கள் சைக்கிள் கூட்டாளிகள் சொல்லியிருந்தார்கள். ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போக வேண்டுமாம். நல்ல இடத்தில் கணீரென்று கேட்குமாம், அடிபட்ட இடத்தில் சத்தம் அமுங்கிவிடுமாம். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "என்னத்தான், தேங்காயா வாங்கப் போறோம், தட்டிப் பாத்து எடுக்க?"

கொழுப்பு அத்தான், கொழுப்பு. பத்தொன்பது வருஷமாக மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் மெஷின் பாகங்களில் விரிசல் பார்க்கிறவன் என்கிற கொழுப்பு. இரும்புத் தண்டில் டை என்கிற சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சை அடித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி வரும். கோடு வரவில்லையென்றால் சாக்பீஸில் 'ஓகே' எழுதி என் இனிஷியலைப் போட்டுவிடுவேன். அதற்குமேல் ஒர்க்‌ஷாப்பில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதே டையைத்தான் உங்கள் சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் அடித்தேன். கோடு வரவில்லை. 'ஓகே' எழுதினேன். "மைன்ஸ் சர்டிஃபிகேட்டே கெடச்சிருச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனீர்கள்.

அந்த டை, மேலே வாய் திறந்த விரிசலைத்தான் காட்டும். கார்பனோ அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. பெயிண்ட் முழுசாக இருக்கும், அடியில் அடுக்குகள் பிரிந்து கிடக்கும். இரும்பென்றால் பெரும்பாலும் கொஞ்சம் வளைந்தாவது காட்டும். இது ஒன்றும் காட்டாமல் ஒரே நொடியில் உடைந்துவிடும். இதையெல்லாம் நான் தேடிப் படித்தது உங்கள் காரியம் முடிந்த பிறகுதான். முன்னாலேயே கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஒன்றரை மாதம் ஓட்டினீர்கள். அன்று காலை உங்களுக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு இருங்கள் என்று சொன்னது அக்கா. ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து ரத்தம் கொடுக்கிறேன் என்று கிளம்பியவர், வடலூர் ரோட்டில் தலைகுப்புற விழுந்தீர்கள்; அதோடு போய்விட்டீர்கள். ஃபோர்க் இரண்டாகக் கிடந்தது. விழுந்த வேகத்தில் உடைந்திருக்கிறது என்றார்கள். செல்வம் என்கிற நான் பார்த்து ஓகே சொன்ன சைக்கிளாயிற்றே! சைக்கிளில் தப்பில்லை என்றால் ஆளுக்குத்தான் ஏதோ ஆகியிருக்க வேண்டும். பசி மயக்கம் என்று பிளாக்கே முடிவு செய்துவிட்டது. அக்காவும் நம்பிவிட்டாள்.

உடைந்ததைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வாங்கி வந்தது நான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் அப்போதுதான் பிய்ந்த நார். மறுபக்கம் அடுக்குகள் பல நாள் ஒன்றோடொன்று உரசி வழவழவென்று இருந்தன. தொட்டால் விரலில் கறுப்புப் பொடி. முதல் தடவை விழுந்தபோதே அது உள்ளே பிரிந்திருக்கிறது அத்தான். அதன் மேல்தான் நான் 'ஓகே' எழுதினேன்.

பதினான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்வாள்: "டெஸ்ட்ட நாளைக்கு வச்சுக்கலாம், சாப்ட்டுப் போங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாருடா." நான் "விடுக்கா" என்பேன். சொன்னால் அக்கா எனக்கு இல்லை. சொல்லாமல் இருந்தால் என் பழியைச் சுமந்தே அவள் கரைந்துபோவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போகவும் பயம். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பாளே என்று அதற்கும் பயம்.

போன வாரம் உங்கள் மகள் நிவேதா வந்தாள். காலேஜ் லீவு. அப்படியே உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். "மாமா, புது ஃபோர்க் வாங்கிட்டேன். அப்பா சைக்கிள நான் ஓட்டப் போறேன். ஃபிரேம மட்டும் பாத்து ஓகே எழுதிக் குடுங்க."

ஷிஃப்ட் மாறிவிட்டது என்றேன். டை தீர்ந்துபோச்சு என்றேன். நான்கு நாள் இப்படியே ஓட்டினேன். ஐந்தாம் நாள் அவள் சொன்னாள்: "பரவால்ல மாமா, அன்னிக்கே நீங்க பாத்ததுதான. நான் அப்படியே மாட்டி ஓட்டிக்கிறேன்."

சைக்கிளை வாங்கி வைத்துக்கொண்டு காசை எடுத்துத் தட்டினேன். மேல் குழாய் முழுக்கக் கணீரென்றது. கீழே, பெடலுக்குப் பக்கத்தில், சத்தம் அமுங்கியது. திரும்பத் திரும்பத் தட்டினேன். அங்கே மட்டும் அமுங்கியது.

ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நிவேதாவும் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா ஃபிரேமை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்போ அவரு பசியில விழலையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"நான் சாப்பிட வேணாம்னு சொன்னதுனால இல்லையா?"

"இல்லக்கா. என்னாலதான்."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள் அத்தான், அதை நான் பார்த்தேன். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஃபோர்க்க நீ தெரியாமப் பாத்த. அத மன்னிச்சுருவேன். பதினாலு மாசம் என் கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டே நான் அழுவுறதப் பாத்துக்கிட்டு இருந்தியேடா. அத நான் என்ன பண்ண?"

"போ" என்றாள். வந்துவிட்டேன். நிவேதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சைக்கிளில் ஏற மாட்டாள், அது நிச்சயம்.

அத்தான், உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புருஷனைப் பட்டினி போட்டு அனுப்பினவள் என்று அக்கா முதுகுக்குப் பின்னால் பேசிய ஒவ்வொரு வீட்டுக்கும் நானே நடந்து போவேன். மயக்கமும் இல்லை, பசியும் இல்லை, தப்பு என்னுடையது என்று என் வாயால் சொல்லுவேன். நாளைக் காலையில் எதிர் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பிறகும் அக்கா கதவைத் திறக்காவிட்டால், அது அவள் இஷ்டம்.

உங்கள் மச்சினன் செல்வம்,
அக்காவின் தம்பி என்று இனி எழுதலாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.